முன்னேற வேண்டியவை: ஒன்றுமில்லை

1

போன செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு ஒரு படிவம் வந்தது.

இங்கிலாந்தின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் குடை பிடிக்கிற ஓர் ஊரில், பல்கலைக்கழகம் ஒன்றில் எனக்கு வேலை. ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் வேலைப் பயிற்சிக்குப் போக இடம் தேடிக் கொடுப்பது, விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுப்பது, பயிற்சி முடிந்ததும் வருகிற படிவங்களைச் சரிபார்ப்பது. அன்று வந்தது அப்படி ஒரு படிவம். எங்கள் மாணவி ஒருத்தி சின்ன நூலகம் ஒன்றில் மூன்று வாரம் வேலை பார்த்திருந்தாள். நூலகர் எல்லாக் கேள்விக்கும் டிக் போட்டிருந்தார். கடைசியில் 'இந்த மாணவர் முன்னேற வேண்டியவை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரே ஒரு கோடு மட்டும் இழுத்து விட்டிருந்தார்.

அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அதற்கென்றே ஒரு கடிதம் தயாராக வைத்திருக்கிறேன். பெயரை மாற்றி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. பெயரையும் மாற்றிவிட்டேன். அனுப்பத்தான் கை வரவில்லை. போன வருடம் இதே போல ஒரு படிவத்தை, என் மகளுடையதை, என்னைப் போல வேலை பார்க்கும் ஒருத்தி திருப்பி அனுப்பினாள்.

2

என் வேலை இன்னதென்று ஊரில் விளக்குவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். "டீச்சர் வேலையா?" என்பார்கள். இல்லை. "அப்ப ஆபீசரா?" அதுவும் இல்லை. "பின்ன என்னத்ததான் செய்யுத?" என்று என் அண்ணன் ஒரு நாள் எரிச்சலோடு கேட்டான். "படிக்கிற பிள்ளைகளுக்கு வேலைக்கு வழி காட்டுறது" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று. எங்கள் அச்சன்புதூரில் என் கைபேசி எண் இல்லாத வீடு இப்போது இல்லை. போலீஸ் தேர்வு எழுதியவர்கள், நர்சிங் முடித்தவர்கள், ஒன்றுமே முடிக்காதவர்கள் எல்லோருடைய பயோடேட்டாவும் எனக்கு வருகிறது.

நானும் ஆங்கிலம் படித்தவள்தான். குற்றாலத்தில் பி.ஏ. படித்தேன். அந்தக் காலத்தில் வேலைக்கு வழி சொல்ல என்று எந்தக் கல்லூரியிலும் ஆள் கிடையாது. அடுத்து என்ன என்று யாராவது கேட்டால் பி.எட். என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். தலையைக் குனிந்தால் கல்யாணம் என்று அர்த்தம்.

என் பக்கத்து இருக்கையில் இருந்தவள் ஜன்னத். தென்காசிக்காரி. வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். கடைசி வருடம் செங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சர் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். மூன்று வருடம் ஆங்கிலம் படித்தவளுக்கு என்னைப் பற்றி நாலு வரி எழுத வரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஜன்னத் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ வாயால சொல்லு. நான் எழுதுதேன்."

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதி முடித்து, அதைத் திரும்பத் தமிழில் எனக்கே படித்துக் காட்டினாள். நான் சொல்லாத ஒரு வரி நடுவில் இருந்தது: இவள் தைரியசாலி, எதையும் சமாளிப்பாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் சாலையைக் கடக்க அவள் கையைப் பிடித்துக்கொள்கிறவள் நான். "ஏட்டி, இது பொய்யில்லா?" என்றேன். "இப்பம் பொய்தாம். வேலைக்குப் போனா நெசமாயிரும்" என்றாள்.

அந்த வேலை கிடைத்தது. அதிலிருந்து பி.எட்., அதிலிருந்து கல்யாணம், அதிலிருந்து இந்தக் குளிர். இந்தப் பல்கலைக்கழகத்தில் என்னை நேர்முகத்துக்கு அழைத்தபோது, விண்ணப்பம் எழுத யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார்கள். நானாகவே கற்றுக்கொண்டேன் என்றேன். கூசாமல் சொன்னேன். இத்தனை வருடத்தில் அதைத் திருத்தவும் இல்லை.

ஜன்னத்துக்கும் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை சவூதியில், தமாமில் வேலைக்குப் போனார். அவள் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை போட்டாள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு பயோடேட்டா, கம்பெனிக்குக் கடிதம், லீவு கேட்டு மெயில் என்று ஊரில் யாருக்கு ஆங்கிலத்தில் என்ன வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். இன்றைக்கும் அதே முறைதான். அவர்கள் தமிழில் சொல்ல வேண்டும், அவள் ஆங்கிலத்தில் தட்டுவாள், தமிழில் படித்துக் காட்டுவாள், அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பிரிண்ட்.

3

என் மகள் பெயர் கோமதி. அவள் அப்பாவைப் பெற்றவளின் பெயர். பள்ளியில் அது கோமி ஆகி, பல்கலைக்கழகத்தில் கோ என்று ஆகிவிட்டது. இன்னும் எவ்வளவு தேய்வதற்கு இருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் வேறொரு பல்கலைக்கழகத்தில், அவளாகவே பிடிவாதம் பிடித்து ஆங்கிலம் எடுத்தாள். தினமும் பேசிக்கொண்டிருந்தவள் வாரத்துக்கு ஒரு முறை என்று குறைத்துக்கொண்டாள்.

இரண்டாம் வருடத்தில் அவளுக்கும் மூன்று வாரம் வேலைப் பயிற்சி உண்டு. அதை முடிக்காவிட்டால் மூன்றாம் வருடத்துக்குப் போக முடியாது. பதிப்பகம், நாடக அரங்கு, பத்திரிகை என்று அவள் எழுதிப் போடாத இடம் இல்லை. மாட்டேன் என்று பதில் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, பதிலே வரவில்லை. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் இடம் பிடித்துக் கொடுக்கிறவள் நான். என்னிடம் மட்டும் கேட்க மாட்டேன் என்றாள். "நீங்க வாங்கிக் குடுத்தா அது என்னோடது இல்லைம்மா."

வசந்த விடுமுறைக்கு வந்தவள் ஒரு காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "இங்கிலீஷ் நிறுத்திடவா?" என்று கேட்டாள். அழவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜூலையில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதாக இருந்தது. பயிற்சியை வெளிநாட்டிலும் செய்யலாம் என்று அவள் படிவத்தில் ஒரு ஓரத்தில் எழுதியிருந்ததை நான்தான் பார்த்தேன். ஜன்னத் எண்ணைக் கொடுத்து, "நான் பேச மாட்டேன், நீயே கேள்" என்றேன். கேட்டாள். ஐந்து நிமிடத்தில் ஜன்னத் என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

"ஏட்டி வடிவு, ஒம் மவ எங்கிட்ட வேலைக்குச் சேர அனுமதி கேக்கா. இதெல்லாம் ஒரு கேள்வியா? வரச்சொல்லு."

வரச்சொல்லு என்று ஜன்னத் சொன்னால் போதுமா? பல்கலைக்கழகம் சொல்ல வேண்டாமா? கடைக்கு இணையதளம் உண்டா, விபத்துக் காப்பீடு உண்டா, தீப்பிடித்தால் வெளியேறும் வழி எது, மாணவியின் மேலாளர் யார், அவருக்கு மேலாளர் யார் என்று நாலு பக்கக் கேள்வி வந்தது. ஜன்னத் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். வெளியேறும் வழி: கடைக்கு முன்பக்கச் சுவரே கிடையாது, ஷட்டர்தான். மேலாளருக்கு மேலாளர்: இறைவன். அந்தக் கடைசிப் பதிலை மட்டும் நான் கெஞ்சி மாற்ற வைத்தேன்.

4

குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்த வருடம் அது. சாரலில் நனைந்துகொண்டே அச்சன்புதூரிலிருந்து டவுன் பஸ் ஏறி கோமதி வேலைக்குப் போனாள். முதல் நாளே ஒரு கூத்து. இங்கே மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் கடை நிறைய ஆள் இருக்கும்போது, "ஜன்னத், இந்த லெட்டர் பாருங்க" என்றிருக்கிறாள். ஸ்டூலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். ஜன்னத் சிரித்துவிட்டு, "சாச்சின்னு கூப்பிடு பிள்ள. இல்லன்னா நாளைக்கு இவங்க எல்லாரும் எம் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்றாளாம். சாச்சி என்றால் அவர்கள் வீட்டில் சித்தி.

ஒரு வாரத்தில் பிள்ளை மாறிப்போனாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பேசிக்கொண்டு வருவாள். யாருக்கு லீவு கிடைத்தது, யாருடைய கம்பெனி பாஸ்போர்ட்டைக் கொடுக்க மாட்டேன் என்கிறது, எந்த வார்த்தை போட்டால் முதலாளிக்குக் கோபம் வராது. அவள் படித்த ஆங்கிலம் அங்கே ஒருவருக்கு உதவுகிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. நிறுத்திடவா என்ற பேச்சு அதன் பிறகு வரவில்லை.

இரண்டாவது வாரம் செய்யது அண்ணாச்சி வந்தார். சவூதியில் டிரெய்லர் ஓட்டியவர். கம்பெனியை மூடிவிட்டதால் திரும்பி வந்து ஒரு வருடமாக வீட்டில் இருந்தார். திருநெல்வேலியில், வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிற ஒரு ஏஜென்சி வெள்ளிக்கிழமை நேர்முகம் வைத்திருந்தது. அன்று கடையில் கல்லூரி விண்ணப்பக் கூட்டம்; ஜன்னத்துக்குத் தலை நிமிர நேரமில்லை. கோமதியே அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். எத்தனை டன் வண்டி, பாலைவனத்தில் டயர் வெடித்தால் என்ன செய்வீர்கள், விபத்து உண்டா? "என்னய யாரும் இதெல்லாம் கேட்டதில்லம்மா" என்று அவர் சொன்னாராம். அழகான ஒரு பயோடேட்டா அடித்தாள். முறைப்படி தமிழில் படித்துக் காட்டினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னத்தும் எட்டிப் பார்த்துச் சரி என்றாள். கோமதி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அவர் திரும்பி வந்தார். நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார்.

"பாப்பா நல்லாத்தான் எழுதிருந்துச்சு. எங்க வாப்பா பேருதான் இல்லையாம். தகப்பன் பேரு, வயசு, போட்டோ ஒண்ணும் இல்லாத பயோடேட்டா என்ன பயோடேட்டான்னு தூக்கி ஓரமா வச்சிட்டான்."

கோமதிக்கு இங்கே பள்ளியிலிருந்தே சொல்லிக் கொடுத்தது அதுதான். வயது போடக் கூடாது, படம் ஒட்டக் கூடாது, அப்பா பெயர், கல்யாணம், மதம் எதுவும் கூடாது. போட்டால் பாரபட்சத்துக்கு இடமாகும். நானே வருடா வருடம் என் மாணவர்களுக்குச் சொல்கிற பாடம். அந்தப் பாடத்தை அவள் தென்காசிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படித்துக் காட்டியபோதும் யாருக்கும் தெரியவில்லை. எழுதியிருந்தால்தானே காதில் விழும்.

கோமதி வாயைத் திறப்பதற்குள் ஜன்னத் சொல்லிவிட்டாள். "நான்தான் அண்ணே விட்டுட்டேன். அன்னைக்குக் கூட்டம், கவனிக்கல." அப்படியே போனை எடுத்து ஏஜென்சியைக் கூப்பிட்டு, கெஞ்சி, அடுத்த மாதம் வருகிற நேர்முகத்துக்கு அவர் பெயரைச் சேர்க்க வைத்தாள். செய்யது அண்ணாச்சி ஜன்னத்திடம், "நீயுமா தாயி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம். அந்தக் கேள்வி தனக்கு வரவேண்டியது என்று கோமதிக்குத் தெரியும்.

5

இதெல்லாம் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. கல்யாண வீட்டு ஆட்களோடு ஐந்தருவிக்குப் போயிருந்தோம். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. கோமதி குளிக்காமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். போய் என்னவென்று கேட்டேன். முணுமுணுத்தாள். கேட்கவில்லை என்றேன். ஒரேயடியாகக் கத்தினாள்.

"நான் தப்பு பண்ணேன்! சாச்சி அவங்க பண்ணதா பொய் சொன்னாங்க!"

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற நாலு பேர் எங்களையே பார்த்தார்கள். ஒரு அண்ணாச்சி, "சரி விடும்மா, குளி, எல்லாம் போயிரும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு அழுகை வந்தது. அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். பத்து வயதுக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பிடித்தது அன்றுதான்.

6

கடைசி நாள் ஜன்னத் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். எல்லாம் மிக நன்று. முன்னேற வேண்டியவை: ஒன்றுமில்லை. கீழே, நாங்கள் கல்லூரியில் வாங்கிய நன்னடத்தைச் சான்றிதழ் பாணியில், இவளுடைய குணமும் நடத்தையும் சிறந்தவை என்று ஒரு வரி; கையெழுத்து, கடை முத்திரை.

இங்கே திரும்பி வந்த பத்தாம் நாள் படிவம் திரும்பி வந்தது. பயிற்சி கொடுத்தவர் மாணவியை உண்மையாகக் கவனித்ததாகத் தெரியவில்லை, கடைசிக் கட்டத்தை முறையாக நிரப்பி அடுத்த வெள்ளிக்குள் அனுப்பாவிட்டால் பயிற்சி கணக்கில் வராது என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதே கடிதத்தைத்தான் அனுப்பியிருப்பேன். அதுதான் என்னைச் சுட்டது.

சனிக்கிழமை காலை வீடியோவில் கூப்பிட்டோம். அங்கே மதியம், கடையில் கூட்டம் இல்லை. கோமதி விஷயத்தைச் சொன்னாள். ஜன்னத் அசைய மாட்டேன் என்றுவிட்டாள்.

"பொம்பளப் பிள்ள பேப்பர்ல நான் குத்தம் எழுத மாட்டேன். வாயால நாலு ஏச்சு ஏசுனா காத்தோட போயிரும். எழுதுனது எங்கனயெல்லாம் போவும்? நாளைக்கு ஒருத்தன் இதப் பாத்துட்டு வேல இல்லம்பான்."

"இங்க அப்படி இல்ல ஜன்னத்" என்றேன். "இங்க குறை எழுதினாத்தான் நம்புவாங்க."

"ஒங்க ஊரு என்ன ஊருட்டி!"

ஒரு வருடம் போகப்போகிறது என்று நான் வெள்ளிக்கிழமைக்கு நாள் எண்ணினேன். பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள், ஸ்டூலில் வந்து உட்காருகிற ஆளைப் போல.

"சாச்சி, எனக்கு ஒரு லெட்டர் எழுதணும். நான் சொல்லுதேன். நீங்க எழுதுங்க."

கடைக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பி ஜன்னத்துக்குப் பழக்கமில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, "சொல்லு" என்றாள்.

கோமதி சொன்னாள். தட்டுத் தடுமாறிய தமிழ்தான், ஆனால் முழுக்கத் தமிழிலேயே சொன்னாள். "நான் அந்த அண்ணாச்சிக்கு எழுதுனேன். அவருக்கு என்ன வேணும்னு கேட்டேன், அந்த ஆபீசுக்கு என்ன வேணும்னு கேக்கல. எனக்குத் தெரிஞ்சது எல்லா ஊருக்கும் சரின்னு நெனச்சேன். அவரு ஒரு நாள் பூரா காத்திருந்தாரு. அடுத்த தடவ நான் முதல்ல கேப்பேன்."

ஜன்னத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு வழக்கம்போலத் தமிழில் படித்துக் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் கோமதி சொல்லாத ஒரு வரி இருந்தது.

"இந்தத் தப்ப இந்தப் பிள்ள ஒளிக்கல. ஒளிச்சது நான்."

படித்துவிட்டு எங்களைப் பார்த்து, "சரியா? பிரிண்ட் எடுக்கவா?" என்று கேட்டாள். கோமதி தலையை ஆட்டினாள்.

பயிற்சி கணக்கில் வந்தது. அந்தக் கட்டத்தை இவ்வளவு நேர்மையாக நிரப்பி இதுவரை பார்த்ததில்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஜன்னத்துக்கே ஒரு மெயில் போட்டார்கள். அவள் அதைப் பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டியிருக்கிறாள், ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே. செய்யது அண்ணாச்சி அடுத்த நேர்முகத்தில் தேறி ரியாத்துக்குப் போய்விட்டார். கோமதி மூன்றாம் வருடத்தில் இருக்கிறாள். ஜன்னத்தோடு வாரத்துக்கு இரண்டு முறை பேசுகிறாள். என்னோடு ஒரு முறைதான். பொறாமையாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

7

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தயாராக இருந்த கடிதத்தை அழித்துவிட்டு, நூலகரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வயதானவர். அந்தக் கட்டத்தைச் சொன்னதும் தயங்கினார். நல்ல பெண், அவளுக்கு எதிராக எழுத மனம் வரவில்லை என்றார். தென்காசியும் இதுவும் ஒரே ஊர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்கள் சொல்லுங்கள். நான் எழுதுகிறேன்" என்றேன்.

அவர் சொன்னார். அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியை எடுக்கப் பயம். மணி அடித்தால் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய்விடுவாளாம். கடைசி வாரம் ஒரே ஒரு முறை எடுத்தாள். எடுத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாளாம். நான் தட்டினேன், திருப்பிப் படித்துக் காட்டினேன், சரியா என்று கேட்டேன். மிகவும் சரி என்றார். பிறகு, இந்த முறையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்.

வாயில் பழைய பதில் தயாராகத்தான் இருந்தது. அதை விழுங்கினேன். "எங்கள் ஊரில் ஒரு தோழி இருக்கிறாள். எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்த விண்ணப்பத்தை எழுதியது அவள்தான். நான் எழுதவில்லை" என்றேன். சுற்றியிருந்த மேசைகளில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

அன்று மதிய உணவு இடைவேளையில் ஜன்னத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். இத்தனை வருடம் அவள் பெயரைச் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்துபோய், "ஏட்டி, இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன், இருக்கேன்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அது கெடக்கட்டும். அந்தப் பிள்ளையோட வாப்பா பேரு போட்டியா?"